ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை

பல வருடங்களாக ரேஷன் கடையில் எடை போடுகிறவள் நான். சும்மா கிடைக்கிறது என்றால் மனிதர்கள் எப்படி ஆகிவிடுவார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வேண்டாத பாமாயிலுக்குக்கூட வெயிலில் வரிசையில் நிற்பார்கள். அவர்களைப் பார்த்து மனதுக்குள் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு, போன கோடையில் அந்தக் கூத்தை என் வீட்டுக்குள்ளேயே பார்க்க நேர்ந்தது.

எங்கள் ஊர் ஆவூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் கணவர் பல காலம் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பியவர். இப்போது மாத்தூரிலும் விராலிமலையிலும் வீடு வீடாகப் போய் ஏசி மாட்டுகிறார். எங்கள் வீட்டில் ஏசி இல்லை. அதைப் பற்றிக் கேட்டால், சமையல்காரன் தன் வீட்டில் பழைய சோறுதான் சாப்பிடுவான் என்பார். எங்களுக்கு ஒரே மகள். திருச்சியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். ஜூன் மாதம் அவளுக்குக் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது.

அந்தக் கோடையில்தான் எங்கள் பகுதியில் மீட்டரை மாற்றினார்கள். புது மீட்டர் மாட்டிய வீடுகளுக்குச் சோதனையாக ஒரு திட்டமும் வந்தது. சாயங்காலம் ஊரே ஒரே நேரத்தில் கரண்டை இழுக்கிறது அல்லவா, அந்த நேரத்தில் குறைத்துக்கொள்கிற வீட்டுக்குப் பரிசு. காலையில் போனுக்குத் தகவல் வரும்: இன்று ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை. அந்த நேரத்தில் நம் வீடு வழக்கமாக இழுப்பதைவிட எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு புள்ளி. புள்ளிகள் சேர்ந்தால் அடுத்த பில்லில் தள்ளுபடி. கோடை முடியும்போது பகுதியிலேயே அதிகப் புள்ளி சேர்த்த வீட்டுக்குக் கரண்ட் கம்மியாக இழுக்கும் புதுவகை சீலிங் ஃபேன் ஒன்று.

ஃபேன் போடாமல் இருந்து ஃபேன் ஜெயிக்க வேண்டும். இதில் இருந்த வேடிக்கை என் கணவரின் கண்ணில் படவே இல்லை. மகளுக்குச் சீரோடு சீராக வைத்துவிடலாம் என்று அவர் அதற்கு இடமும் பார்த்துவிட்டார்.

முதல் வாரம் டிவி போயிற்று. பிறகு லைட்டுகள். பிறகு ஃபேன். ஆறரைக்குள் மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்ப வேண்டும், மாவு ஆட்ட வேண்டும், யூனிஃபார்ம் சேலைக்கு இஸ்திரி போட வேண்டும். கடையிலிருந்து வந்து மூச்சு விடுவதற்குள் அவர் மெயின் சுவிட்ச் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். ஃபிரிட்ஜையும் விட்டுவைக்கவில்லை. ஒருநாள் மீன் குழம்பு கெட்டுப்போனது. அதைக் கொட்டும்போது நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

மகள் லீவில் வந்திருந்தபோது அவள் கையில் ஒரு பனையோலை விசிறியைக் கொடுத்தார். ஊருக்கெல்லாம் ஏசி மாட்டும் அப்பா நமக்கு ஓலையைத் தருகிறார் என்று அவள் போனில் மாப்பிள்ளையிடம் சொல்லிச் சிரித்தாள்.

இத்தனை பாடுபட்டும் எங்கள் புள்ளி பெரிதாக ஏறவில்லை. தெருமுனையில் இருந்த மாடி வீட்டில் இரண்டு ஏசி. அவர்கள் ஒன்றை அணைத்துவிட்டு மொட்டை மாடியில் காற்று வாங்கினாலே எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். குறைப்பதற்கு நிறைய வைத்திருந்தவர்கள் குறைத்தார்கள், பரிசு வாங்கினார்கள். எங்களிடம் குறைக்க என்ன இருந்தது? தகவல் வராத நாட்களில் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் ஓடவிட்டு நம் வழக்கத்தைக் கூட்டிக் காட்டினால் என்ன என்று அவர் ஒரு யோசனை சொன்னார். கடையில் எடைத் தராசோடு வாழ்கிறவளிடம் இதைச் சொல்லாதீர்கள் என்றேன். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்கிறேன். ஆனால் அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் உண்மையாகவே புழுங்கிக்கொண்டிருந்தது வேறொரு விஷயம். என் கணவருக்கு ஒரே அண்ணன். அடுத்த தெருவில் இருக்கிறார். இரண்டு பேரும் பேசிப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

அதற்குக் காரணமும் கரண்ட்தான். இருவருக்கும் பொதுவாக ஒரு கிணறு, ஒரு மோட்டார். வயலுக்கான மும்முனை கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். மழை பொய்த்த ஒரு வருடம், அண்ணனுடைய முறையில் இவர் தன் கத்தரிக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டார். ஓய்வில்லாமல் ஓடிய மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிப்போனது. அண்ணனின் நெல் காய்ந்தது. வரப்பில் நின்று நாலு பேர் முன்னால் அவர் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

"இனி ஒன் வீட்டுல எழவு விழுந்தாத்தான்டா ஒன் வாசப்படிய மிதிப்பேன்."

இவரும் சும்மா இருக்கவில்லை. அப்படியானால் நான் செத்த பிறகு வா என்றார். இருவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். கல்லறைத் திருநாளன்று அப்பாவின் கல்லறைக்கு அண்ணன் காலையிலேயே போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்துவிடுவார். இவர் சாயங்காலம் போவார். ஒரே கல்லறையில் இந்தப் பக்கம் ஒரு மெழுகுக் கறை, அந்தப் பக்கம் ஒரு மெழுகுக் கறை. எனக்கும் என் ஓரகத்திக்கும் சண்டை எதுவும் இல்லை. மாதா மாதம் அவர் கடைக்கு வருவார், நான் சர்க்கரை போடுவேன், வீட்டுக்காரர்களைப் பற்றி இரண்டு பேரும் தலையில் அடித்துக்கொள்வோம்.

மகளுக்குப் பெரியப்பா என்றால் உயிர். சிறுவயதில் அவளை டிவிஎஸ் வண்டியின் முன்னால் நிற்க வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். நிச்சயத்தன்று தட்டு மாற்றும்போது பெண்ணுக்குப் பெரியப்பா இல்லையா என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்கள். இவர் கூரையைப் பார்த்தார். அன்றைக்கு என் மகளின் முகம் வாடிப்போனதை என்னால் மறக்க முடியவில்லை. பிறகு அவளே நேரில் போய்ப் பெரியப்பாவைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாள். அவர் அவளுக்குச் சாப்பாடு போட்டார், பையில் மாம்பழம் போட்டுக் கொடுத்தார், ஒங்கப்பன் வந்து கூப்பிடட்டும் ஆத்தா என்று சொல்லி அனுப்பிவிட்டார். இவரிடம் சொன்னால், வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவன் அவன், அவனே முதலில் அந்தச் சொல்லை வாபஸ் வாங்கட்டும் என்றார். பத்திரிகை அச்சடிக்கக் கொடுப்பதையும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். கோயிலில் கல்யாண அறிவிப்பாக முதல் ஓலை வாசிக்கும் ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் கவலையெல்லாம் புள்ளியில் இருந்தது, அல்லது அப்படி இருப்பதாக நான் நினைத்தேன்.

மே மாதம் பிறந்தது. எங்களுக்கு அது மாதாவின் வணக்க மாதம். தினமும் சாயங்காலம் வீட்டில் ஜெபமாலை சொல்ல வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஜெபமாலை என்றால் இவருக்கு வெளியே ஏதாவது வேலை வந்துவிடும். அந்த வருடம் மட்டும் பக்தி பெருகியது. ஜெபத்துக்குக் கரண்ட் வேண்டாம் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். ஆறரைக்கு லைட்டை அணைத்துவிட்டு வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றினால், ஜெபமாலையின் ஐந்து தேவ ரகசியங்கள், அதற்குப் பிறகு மாதா பிரார்த்தனை, அதற்குப் பிறகு பாட்டு, அதற்குப் பிறகு நான் அவித்த சுண்டல் என்று ஒன்பது மணி வரை ஓட்டிவிடலாம். பந்தல் போடுகிறவரிடம் பத்து பிளாஸ்டிக் நாற்காலிகளை முன்கூட்டியே வாங்கி வாசலில் வரிசையாகப் போட்டார். தெருவில் எங்கள் அன்பியத்துப் பெண்கள், அதாவது சேர்ந்து ஜெபிக்கிற பக்கத்து வீட்டுக்காரர்கள், ஒவ்வொருவராக வந்து உட்காரத் தொடங்கினார்கள். தெருவில் கொஞ்சம் காற்று வந்தது, சுண்டலும் இருந்தது. வருகிறவர்கள் தங்கள் வீட்டு லைட்டையும் அணைத்துவிட்டு வருகிறார்கள், அவர்களுக்கும் புள்ளி ஏறும் என்பது இவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. அதன் பிறகு ஒவ்வொருவரும் வரும்போது அவர்கள் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்பார்.

அந்த வியாழக்கிழமை வெயில் தாங்கவில்லை. விராலிமலையில் மொட்டை மாடியில் நின்று ஏசி மாட்டிவிட்டு வந்தவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தலையை வலிக்கிறது என்றார். இன்றைக்கு மட்டும் ஃபேனைப் போட்டுக்கொண்டு உள்ளே படுங்கள் என்றேன். காலையில் தகவல் வந்திருந்தது, முடியாது என்றார். கரண்ட் இல்லாமல் குளிர வைப்பது எப்படி என்று அவருக்குத் தெரியும், அதுதானே தொழில். வெள்ளை வேட்டி ஒன்றைத் தொட்டித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தார். வாசலில் கிடந்த பெஞ்சில் நீட்டிப் படுத்து, தலையிலிருந்து கால்வரை அதைப் போர்த்திக்கொண்டார். கொசுவுக்காக முகத்தையும் மூடிக்கொண்டார். ஈரம் காயக் காயச் சூடு இறங்கும், நீங்கள் ஜெபத்தை ஆரம்பியுங்கள், நான் இங்கிருந்தே பதில் சொல்கிறேன் என்றார். இரண்டாம் தேவ ரகசியத்திலேயே குறட்டை கேட்டது. எழுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

நான் மெழுகுவர்த்தியை எடுத்துப் பெஞ்சின் தலைமாட்டில் ஒரு ஸ்டூலில் வைத்தேன். அங்கேதான் காற்றுக்கு அணையாமல் நின்றது. இப்போது யோசித்தால் எல்லாம் விளங்குகிறது. இருட்டான வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். நடுவில் பெஞ்சில் வெள்ளைத் துணி போர்த்திய ஆள், தலைமாட்டில் மெழுகுவர்த்தி. சுற்றிலும் முக்காடு போட்ட பெண்கள் தாழ்ந்த குரலில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் இதற்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. பால்காரர் தெருவில் வந்தவர், வண்டியை நிறுத்தி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, மணி அடிக்காமல் மெதுவாகத் திரும்பிப் போனார். இன்றைக்கு என்ன இவருக்கு இவ்வளவு பக்தி என்றுதான் நினைத்தேன்.

பாட்டு முடியும் நேரத்தில் தெருமுனையில் ஓர் ஒப்பாரி கேட்டது. யார் வீட்டிலோ துக்கம் என்று எல்லாரும் எழுந்தோம். குரல் எங்களை நோக்கியே வந்தது. டிவிஎஸ் வண்டியின் பின்னால் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டே வந்தவர் என் ஓரகத்தி. வண்டியை ஓட்டி வந்தவர் என் கணவரின் அண்ணன். வண்டியின் முன்னால் ஒரு பெரிய ரோஜா மாலை தொங்கியது. வண்டியை ஸ்டாண்டு போடாமலேயே அவர் இறங்கினார், அது சாய்ந்து விழுந்தது. யாரையும் பார்க்கவில்லை. மாலையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நேராகப் பெஞ்சை நோக்கி நடந்தார். அவர் அழுதுகொண்டிருந்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவர்களுடைய அப்பா இறந்தபோதுகூட அவர் அழவில்லை.

சத்தம் கேட்டு என் கணவர் வேட்டியை விலக்கி எழுந்து உட்கார்ந்தார்.

ஒப்பாரி பாதியில் நின்றது. அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றார். மாலையின் ஒரு முனை தரையில் கிடந்தது. என்ன நடந்திருக்கிறது என்பது எனக்குத்தான் முதலில் புரிந்தது. சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

"நீ போயிட்டன்னு சொன்னாங்கடா," என்றார் அண்ணன்.

"நான் செத்தாத்தான வருவேன்னு சொன்ன?" என்று கேட்டார் என் கணவர். தூக்கக் கலக்கத்தில் வந்த வார்த்தை அது. ஆனாலும் அதே பழைய சண்டைக் குரல்தான்.

அண்ணன் கீழே குனிந்து தன் கால்களைப் பார்த்தார். செருப்போடு எங்கள் வாசல் சிமெண்டின் மேல் நின்றுகொண்டிருந்தார்.

"அதான் வந்துட்டேன்ல," என்றார்.

பிறகு பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சட்டையெல்லாம் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பால்காரர் சொன்னதைக் கேட்டு, மாத்தூர் வரை போய் மாலை வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து மனைவியை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது. ஓரகத்தி முந்தானையால் அவருக்கு விசிறினார். நான் தண்ணீர் கொண்டுவர உள்ளே ஓடினேன். ஃபிரிட்ஜ் அணைந்து கிடந்ததால் பானைத் தண்ணீர்தான் இருந்தது.

நான் சொம்போடு திரும்பும்போது என் கணவர் என்னைத் தாண்டி உள்ளே போனார். மெயின் சுவிட்சைப் போடும் சத்தம் கேட்டது. வீட்டில் உள்ள எல்லா லைட்டும் ஒன்றாக எரிந்தன. ஹாலில் இருந்த பெடஸ்டல் ஃபேனை ஒயரோடு இழுத்துக்கொண்டு வந்து வாசலில் வைத்து, அண்ணன் முகத்துக்கு நேராகத் திருப்பி, முழு வேகத்தில் வைத்தார். ஒன்பதரை ஆக இன்னும் நிறைய நேரம் இருந்தது. அந்தக் கோடை முழுவதும் எனக்காகவோ மகளுக்காகவோ தன் தலைவலிக்காகவோ அந்த நேரத்தில் அந்த ஃபேன் சுற்றியதில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன்.

காற்றில் அண்ணனின் மூச்சு மெல்ல அடங்கியது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்திரிகை அடித்தாயிற்றா என்று அண்ணன் கேட்டார். இல்லை என்றார் இவர். ஓலை வாசிக்கப்போகிறார்களே, இன்னும் ஏன் அடிக்கவில்லை என்று அண்ணன் மறுபடி கேட்டார்.

"ஒம் பேரு இல்லாம எப்புடி அடிக்கிறது," என்றார் என் கணவர்.

அத்தனை நாளும் அவர் எதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் எவ்வளவோ நாள் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். ஆண்பிள்ளைகளின் வீம்பைப் பற்றி ஓரகத்தியும் நானும் பிறகு நிறையப் பேசிக்கொண்டோம்.

அன்பியத்துப் பெண்கள் சுண்டல் வாங்கிக்கொண்டு மெதுவாகக் கலைந்தார்கள். போகும்போது ஒவ்வொருவரும் பெஞ்சையும் மாலையையும் ஒருதரம் பார்த்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலைக்குள் விஷயம் மாத்தூர் வரை போய்விட்டது. அன்றிரவே, உள்ளே வைத்திருந்த போனை எடுத்துப் பார்த்தேன். என் கணவரின் போனில் வரிசையாகத் தவறிய அழைப்புகள். எல்லாவற்றிலும் "அண்ணன்" என்று இருந்தது. இத்தனை வருடமும் அந்த எண்ணை அவர் அழிக்கவில்லை. இறந்துவிட்டான் என்று கேள்விப்பட்ட பிறகும் அண்ணன் அந்த எண்ணுக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார். யார் எடுப்பார்கள் என்று நினைத்தாரோ.

மகளுக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு பெரியப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, சரி ஆத்தா, சரி ஆத்தா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாலைதான் மிச்சம் இருந்தது. துக்கத்துக்கு என்று கேட்டு வாங்கிய மாலையை மாதா சுரூபத்துக்குப் போட முடியாது. கல்யாண வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, நல்ல பூ. ஓரகத்தி அதை ஈரத்துணியில் சுற்றி வாசலோரமாக வைத்தார். ஈரத்துணி வேறு எதுவும் இல்லை, அந்த வேட்டிதான்.

காலையில் போனில் தகவல் வந்தது. நேற்று குறிப்பிட்ட நேரம் முடியும் முன்பே உங்கள் வீட்டில் மின்சாரப் பயன்பாடு வழக்கத்தைவிடக் கூடிவிட்டது, புள்ளி இல்லை என்று. என் கணவர் அதை எனக்குப் படித்துக் காட்டினார், போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சீலிங் ஃபேன் கடைசியில் அந்த மாடி வீட்டுக்குத்தான் போனது.

அதற்குள் வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. அண்ணன் வண்டியோடு நின்றிருந்தார். இவர் வேட்டியிலிருந்து மாலையைப் பிரித்து எடுத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. வண்டி கல்லறைத் தோட்டத்துப் பக்கம் திரும்பியது. அப்பாவின் கல்லறைக்கு இருவரும் சேர்ந்து போவது, மோட்டார் கருகிய வருடத்துக்குப் பிறகு அன்றுதான்.